இரத்தத்தின் இலக்கமும் குழந்தையின் மூச்சும்

நியுமோனியா ஏழைகளின் நோய் என்று சொல்வதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயது நிரம்பாத 740,180 குழந்தைகள் இந்நோய்க்குப் பலியானார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அவ்வயதுக் குழந்தைகளின் மரணங்களில் நூற்றுக்குப் பதினான்கு இந்த ஒரு நோயால் விளைந்தவை. நெருக்கமான குடிசை, அடுப்புப் புகை, அரைவயிற்றுக் கஞ்சி, எட்டாத வைத்தியசாலை ஆகிய நான்கும் எங்கே ஒன்றுகூடுகின்றனவோ அங்கேதான் இம்மரணங்களும் குவிகின்றன. கிருமிக்கு வர்க்க பேதம் கிடையாது என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். கிருமிக்கு இல்லாமலிருக்கலாம், மரணத்துக்கு உண்டு.

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல் நிலத்திலே கண்டக்குழி இருக்கிறது. கடலை நம்பி வாழும் ஊர். அக்கரை நெடுகத் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கின்றன. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஒரே கடலில் வலை போடுகிறார்கள். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் வந்து ஒதுங்கியதும் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேதான். இன்று இக்கரையின் காற்றைத் தேடி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கி விளையாட, உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். தெற்கே சிறிது தூரத்தில் 900 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நுரைச்சோலை அனல்மின் நிலையம் நாட்டுக்கு வெளிச்சம் தந்து, அயலிலுள்ளோருக்கு நிலக்கரித் தூசியைப் பற்றிய முறைப்பாடுகளைத் தந்து நிற்கிறது. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவில்லாத இந்தக் கரையிலே, காற்றுப் போதாமல் நெஞ்சு உள்வாங்க மூச்சிரைக்கும் ஒரு குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? இதுவே நம் கேள்வி.

இக்கேள்விக்குச் சந்தையில் ஒரு விடை தயாராக இருக்கிறது. “ஒரு துளி இரத்தம் கொடுங்கள், நோய் கடுமையா, இலேசா என்று இலக்கத்தில் சொல்லிவிடுகிறோம்” என்பதே அவ்விடை. சி. ஆர். பி. என்றும், புரோகால்சிடோனின் என்றும் பெயர் சொல்லும் இரத்தப் பரிசோதனைகள் நகரத்து ஆய்வுகூடங்களில் மட்டுமன்றிச் சிறுபட்டினங்களின் தனியார் சிகிச்சை நிலையங்களிலும் இன்று பரவிவிட்டன. விஞ்ஞானத்தின் பெயரால் சொல்லப்படுவதை நம் மக்கள் மதிக்கிறார்கள். மதிக்க வேண்டியதுதான். ஆனால் விஞ்ஞானம் சொல்வது எது, வியாபாரம் சொல்வது எது என்று பிரித்தறிவது படித்தவர்களின் கடமை. அந்தக் கடமையைச் செய்யவே இதை எழுதுகிறோம்.

புகையும் நெருப்பும்

சி. ஆர். பி. பிறந்த கதையே நியுமோனியாவின் கதைதான். 1930ஆம் ஆண்டு, பெனிசிலின் இன்னும் மருந்தாக வராத காலத்தில், நியூயோர்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒஸ்வால்ட் ஏவரி என்பாரின் ஆய்வுகூடத்திலே வில்லியம் டில்லெட், தோமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் வேலை செய்தார்கள். நியுமோனியா நோயாளரின் இரத்த நீரை எடுத்து, நியுமோகொக்கஸ் என்னும் கிருமியிலிருந்து பிரித்து ‘சி’ என்று அடையாளமிட்டிருந்த ஒரு பொருளோடு அதைக் கலந்தார்கள். அது திரிந்து படிந்தது. நோய் தணிந்தபின் அதே நோயாளரின் இரத்த நீர் அவ்வாறு திரியவில்லை. அந்தச் ‘சி’ பொருளோடு சேர்ந்து திரியும் புரதம் என்பதாலேயே சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற பெயர் வந்தது.

இப்புரதம் கிருமியினுடையதன்று, நமது ஈரல் ஆக்குவது. உடலில் எங்கேனும் அழற்சி தோன்றினால் அங்கிருந்து செல்லும் இரசாயனச் செய்தியைக் கேட்டு ஈரல் இதைப் பெருக்குகிறது. சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டாம் நாளளவில் உச்சத்தை அடைகிறது. புரோகால்சிடோனின் வேறு வகை. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ஒரு ஹோர்மோனை ஆக்குவதற்காக முதலில் தயாரிக்கும் மூலப்பொருள் அது. சுகமான உடலில் அது இரத்தத்தில் மிகமிகச் சொற்பம். கடும் பக்டீரியாத் தொற்று ஏற்பட்டால் உடலின் பல உறுப்புகளும் அதைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. இதை 1993ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் குழந்தைகளிடத்தே ஆராய்ந்து வெளியிட்டார்கள். சி. ஆர். பி.யைவிட இது விரைவில் ஏறுகிறது.

இரண்டும் மனித அறிவின் நல்ல கண்டுபிடிப்புகள். இவற்றை நாம் இகழவில்லை. ஆனால் இவை எதன் அடையாளம் என்பதைக் கவனிக்க வேண்டும். மலையில் புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் தர்க்க நூல்களின் பழைய பாடம். அந்த அனுமானம் சரியே. ஆனால் அதே புகையைப் பார்த்து, எரியும் கூரையின் கீழ் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்று எவராலும் சொல்ல முடியாது. நெருப்புப் பற்றிய முதல் நாழிகையில் புகையே எழாமலும் இருக்கலாம். காய்ச்சல் கண்ட முதற் சில மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் இலக்கம் தாழ்ந்திருப்பதைப் பார்த்து “பயமில்லை” என்று சொல்வது, புகை எழவில்லை என்பதற்காகத் தீயணைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது போன்றது.

காரணம் வேறு, கடுமை வேறு

நம் குற்றச்சாட்டின் மையம் இங்கே இருக்கிறது. மூச்சிரைக்கும் குழந்தையின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று: இந்நோய்க்குக் காரணம் பக்டீரியாவா, வைரசா? மற்றொன்று: இக்குழந்தை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது? முதற்கேள்வி எந்த மருந்து கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்வி, குழந்தை வீட்டிலிருக்கலாமா, உடனே வைத்தியசாலைக்குப் போய் ஒட்சிசன் பெற வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும். இரத்தப் பரிசோதனை முதற்கேள்விக்கு ஓரளவு உதவுகிறது. அதை இரண்டாவது கேள்விக்கு விடையாக விற்பதே மோசடி.

முதற்கேள்விக்கே அது எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்போம். வங்காளதேசம், தாய்லாந்து, கென்யா, காம்பியா, மாலி, சாம்பியா, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளில், வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட கடும் நியுமோனியாக் குழந்தைகளை ‘பேர்ச்’ என்னும் பெரும் ஆய்வு ஆராய்ந்தது. லீற்றருக்கு 40 மில்லிகிராம் என்ற சி. ஆர். பி. அளவை எல்லையாக வைத்து 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: எச். ஐ. வி. தொற்றில்லாத குழந்தைகளில், பக்டீரியா என்று உறுதிப்பட்ட நியுமோனியாவில் நூற்றுக்கு 77 பேர் அவ்வெல்லையைத் தாண்டியிருந்தார்கள், ஆர். எஸ். வி. என்னும் வைரசால் வந்ததில் நூற்றுக்கு 17 பேரே தாண்டியிருந்தார்கள். இது பயனுள்ள வேறுபாடுதான். ஆனால் இதே கணக்கை மறுபுறம் திருப்பிப் படியுங்கள். பக்டீரியா நோயுள்ள நூறு குழந்தைகளில் இருபத்துமூன்று பேரை இந்த எல்லை தவறவிட்டிருக்கும். அந்த இருபத்துமூன்று தாய்மாருக்கு “சராசரி சரியாக இருக்கிறது” என்று ஆறுதல் சொல்ல எவருக்கு மனம் வரும்?

இனி இரண்டாவது கேள்வி. அதே ஆய்வு 2019இல் வெளியிட்ட முடிவின்படி, அக்கடும் நியுமோனியாக்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவற்றுக்கு வைரசுகளே காரணம், ஆர். எஸ். வி. ஒன்றே நூற்றுக்கு முப்பத்தொன்று. அவர்கள் எல்லாரும் வைத்தியசாலைப் படுக்கையில் கிடந்த குழந்தைகள். அதாவது, சி. ஆர். பி. தாழ்ந்திருக்கும்போதே குழந்தை சாவின் விளிம்பில் நிற்கலாம். நகம் நீலம் பாரிக்கும் ஆர். எஸ். வி. குழந்தையின் கையில் “இலேசான நோய்” என்று பொருள்படும் இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அந்தத் தாள் மரணத்துக்கு எழுதிய சிபாரிசுக் கடிதமாகும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் குழந்தை வைத்தியசாலையில் நடந்து 2020இல் வெளியான ஆய்வும் இதையே சொல்லிற்று. வெள்ளணுக்களின் தொகை, சி. ஆர். பி., புரோகால்சிடோனின் ஆகிய எதுவும் குழந்தையின் நோய்க் கடுமையோடு பொதுவாகப் பொருந்தி வரவில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் நியுமோனியா உறுதிப்பட்டவர்களிடையே, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டுவது போன்ற மிகக் கடும் விளைவுகளை எதிர்பார்க்கச் சிறிது உதவலாம் என்பதே அவர்கள் தந்த சலுகை. ஆய்வு வசதிகளுக்குக் குறைவில்லாத நாட்டின் முடிவு இது. நம் பட்டினத்துக் கண்ணாடிக் கதவின் பின்னே மட்டும் அதே துளி இரத்தம் தீர்க்கதரிசி ஆகிவிடுமா?

மூச்சை எண்ணியவர்கள்

அப்படியானால் கடுமையை எதைக்கொண்டு அறிவது? விடை குழந்தையின் நெஞ்சிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்த கண்கள்தான் வேண்டும்.

பாப்புவா நியூகினியின் மலைநாட்டில், கொரோக்கா வைத்தியசாலையில் பணியாற்றிய பிராங்க் ஷானும் அவர் தோழர்களும், எக்ஸ்-கதிரும் ஆய்வுகூடமும் எட்டாத கிராமங்களுக்காக, மூச்சின் வேகத்தையும் நெஞ்சு உள்வாங்குவதையும் அளவுகோலாக்கி 1984இல் எழுதினார்கள். தமிழ்நாட்டிலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் இதே அடையாளங்களைச் சோதித்து 1988இல் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேலும், அதற்கு மேற்பட்ட சிறுகுழந்தை நாற்பதுக்கு மேலும் மூச்செறிந்தால் நுரையீரலில் நோய் இருக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். இன்று உலகெங்கும் சுகாதார ஊழியர்கள் மனப்பாடம் செய்யும் இலக்கங்களின் பின்னே வேலூரில் நோயுற்று வந்த தமிழ்க் குழந்தைகளின் மூச்சும் இருக்கிறது. இதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி எளிது. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் பதினோரு மாதம் வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. இவற்றை எட்டினால் அது வேக மூச்சு. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பால் குடிக்கவோ நீர் அருந்தவோ முடியாமை, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் கரகரப்பொலி, கடும் மெலிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது கடும் நியுமோனியா. வைத்தியசாலைக்கு உடனே போக வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத பச்சைக் குழந்தைக்கு வேக மூச்சு ஒன்றே போதும். இவற்றுக்கு ஊசியும் தேவையில்லை, இரசீதும் தேவையில்லை.

இந்த எளிமையைக் கேலி செய்வோருக்குக் கட்சிரோலியைக் காட்டுகிறோம். மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான அங்கே அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர், கிராமத்துச் சுகாதார ஊழியருக்கும், எழுத்தறியாத மருத்துவிச்சிகளுக்கும் மூச்செண்ணவும் மருந்து கொடுக்கவும் கற்பித்தார்கள். உயர எண்ணத் தெரியாதவர்களுக்காக மணிகளும் மணற்கடிகையும் கொண்ட ஒரு கருவியைச் செய்தார்கள். அவர்கள் பணியாற்றிய ஊர்களில் நியுமோனியாவால் குழந்தைகள் இறப்பது, பணியாற்றாத ஊர்களில் இருந்ததன் பாதிக்கும் கீழே வந்தது. 1990இல் வெளியான இந்த முடிவை மறுக்கத் துணிந்த ஆய்வுகூட முதலாளி யார்?

இதற்கு மேல் ஒரு கருவி வேண்டுமானால், விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீட்டர் இருக்கிறது. பாப்புவா நியூகினியின் ஐந்து வைத்தியசாலைகளில் இக்கருவியையும், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தையும் வைத்துத் தாதியருக்குப் பயிற்சி அளித்தார்கள். நியுமோனியாக் குழந்தைகளின் இறப்பு நூற்றுக்கு 4.97இலிருந்து 3.22 ஆகக் குறைந்ததென்று 2008இல் அறிவித்தார்கள். கருவியை எய்தவனும் குருடாக நம்பக்கூடாது. கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் அமெரிக்க வைத்தியசாலைகளின் பதிவுகள் காட்டின. கறுத்த மக்களாகிய நமக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. கருவி எண்பத்தொன்பது காட்டினாலும், தொண்ணூற்றிரண்டு காட்டினாலும், நெஞ்சைப் பார்க்கும் கண்ணுக்கு ஓய்வு இல்லை.

ஏழைக்கு எதற்குப் பரிசோதனை?

இதுவரை படித்த சிலர், “அப்படியானால் கிராமத்துக்கு இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறீர்கள், மூச்செண்ணுவதே ஏழைக்குப் போதும் என்கிறீர்கள்” என்று நம்மைத் தட்டிக் கொடுக்க வருவார்கள். அவர்களுடைய கையையும் நாம் தட்டிவிடுகிறோம். கண்டக்குழிக் குழந்தைக்கு விரல் எண்ணல், கொழும்புக் குழந்தைக்கு ஆய்வுகூடம் என்பது சிக்கனமன்று, சாதிமுறை. சிக்கனத்தின் பெயரால் ஏழைக்கு எப்போதும் பாதி விஞ்ஞானமே பரிமாறப்பட்டு வந்திருக்கிறது.

மூச்செண்ணும் முறைக்கும் குறை உண்டு. வேகமாக மூச்செறியும் குழந்தைகளில் வைரசு நோயுற்றவர்களே மிகுதி. அவர்கள் எல்லாருக்கும் அமொக்சிசிலின் கொடுத்தால் தேவையற்றவர்களுக்கும் மருந்து போகிறது. அவ்விதம் சிந்திய மருந்தில் பழகிய பக்டீரியா நாளை மருந்துக்கு அடங்காமல் திரும்பி வருகிறது. அப்போது விலையுயர்ந்த புதிய மருந்தை வாங்க முடியாமல் முதலில் சாவதும் ஏழையின் குழந்தைதான். இங்கேதான் இரத்த அடையாளத்துக்கு நியாயமான இடம் இருக்கிறது. வியட்நாமின் வடபகுதியில் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் சிறுவரும் பெரியோருமாகச் சுவாசத் தொற்றுற்றவர்களுக்குச் சி. ஆர். பி. பார்த்து மருந்து எழுதியபோது, நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டவர்கள் நூற்றுக்கு 78இலிருந்து 64 ஆகக் குறைந்தார்கள். அது 2016இன் செய்தி.

தன்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவான பாடம். காய்ச்சலோடு வந்த சிறு குழந்தைகளுக்கு ஆபத்து அறிகுறி, மூச்சின் வேகம், ஒக்சிமீட்டர், சி. ஆர். பி., புரோகால்சிடோனின் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் கோத்து ஒரு கைக்கருவி வழி காட்டியது. பழைய ஒழுங்கின்படி நூற்றுக்கு முப்பது குழந்தைகளுக்கு மருந்து தேவைப்பட்ட இடத்தில், புதிய ஒழுங்கில் பதினொருவருக்கே தேவைப்பட்டது. ஏழாம் நாளிலும் தேறாதவர்கள் நூற்றுக்கு 4.1இலிருந்து 2.3 ஆகக் குறைந்தார்கள். அதே நகரின் வழக்கமான சிகிச்சையிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு நுண்ணுயிர்க்கொல்லி அள்ளி வழங்கப்பட்டு வந்தது. இதன் பொருள் என்ன? இரத்த இலக்கம் தனியே நின்று தீர்ப்புச் சொல்லவில்லை. கண்ணும் விரலும் ஆபத்தை முதலில் அளந்தன; அதன்பின் இரத்தம் மருந்தைப் பற்றி யோசனை சொல்லிற்று. சாட்சியைச் சாட்சியாக வைத்தார்கள். நீதிபதியின் ஆசனத்தில் ஏற்றவில்லை.

நம்மிடத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. தினம் கடலுக்குப் போய் வருபவனின் வருமானம் காற்றையும் சம்மாட்டியையும் எண்ணெய் விலையையும் பொறுத்தது. குழந்தைக்கு மூச்சு வாங்கினால் அவன் கடன் வாங்குகிறான். கடன் வாங்கிய காசு முதலில் போவது பரிசோதனைக்கு. தாள் வரும்வரை காத்திருக்கும் நேரம் குழந்தையின் மூச்சிலிருந்து கழிகிறது. வந்த தாளோ ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகளான நாட்டில், தன் குழந்தையின் இரத்தத்தைப் பற்றித் தாய்க்குத் தாய்மொழியில் ஒரு வரி கிடையாது. நாளைக்கு “மீண்டும் பார்ப்போம்” என்று இன்னொரு பரிசோதனை. கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதி இருக்கிறது. அவ்வீதியில் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்க வேண்டிய காசு அப்போது கையில் இருப்பதில்லை. பரிசோதனை எழுதித் தரும் வைத்தியரெல்லாம் பேராசைக்காரர் அல்லர். நேரமில்லாமையும் பயமும் அவர்களைத் தாளிடம் அடைக்கலம் புக வைக்கின்றன. ஆனால் அந்தப் பயத்தின் விலையை ஏழை கொடுக்கிறான். இலாபத்தை வேறொருவன் எடுக்கிறான்.

பிபிலே காட்டிய வழி

இதற்கு மாற்று உண்டா என்று கேட்போர் இந்நாட்டின் வரலாற்றை மறந்தவர்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், வீடு வீடாக நடந்த மருத்துவ மாதரும், கட்டணமில்லா வைத்தியசாலையும், பெண்களின் கல்வியும் சேர்ந்தே இந்நாட்டின் குழந்தை மரணத்தைத் தாழ்த்தின. ஐந்து வயதுக்குட்பட்ட இறப்பு ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே நிற்கிறதென்றால், அது சந்தை தந்த பரிசன்று; மக்கள் தம் வரியாலும் போராட்டத்தாலும் கட்டியெழுப்பியது. ஆனால் சராசரி என்பது நாட்டின் முகம். அதன் பாதத்தில் முள் தைத்திருப்பதை முகத்தில் பார்க்க முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் சாதாரண மருந்துகளுக்கே அரசாங்க வைத்தியசாலைகள் தவித்ததை நாம் கண்டோம். அரசாங்கத்தின் அலமாரி வெறுமையானால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருக்கும் அலமாரிக்குத்தான் யோகம்.

பேராசிரியர் சேனக பிபிலே நமக்கு ஒரு வழியைக் காட்டிச் சென்றார். மருந்துக் கம்பெனிகள் ஒரே மருந்தை ஆயிரம் வியாபாரப் பெயர்களில் விற்றுக் கொள்ளையடித்த காலத்தில், அவர் மருந்தை வெறுக்கச் சொல்லவில்லை. தேவையான மருந்துகளின் பட்டியலைத் தயாரித்து, அவற்றின் பொதுப்பெயரில், அரசே மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கும் முறையை வகுத்தார். 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராகவும் இருந்தார். 1977இல் அவர் மறைந்த பின்னரும் மூன்றாம் உலக நாடுகள் அவருடைய பாடத்தைப் படித்தன. மருந்துக்குச் சொன்னதைப் பரிசோதனைக்கும் சொல்லுவோம். உலக சுகாதார ஸ்தாபனமே 2018இல் அத்தியாவசியப் பரிசோதனைகளின் முதற் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. டெங்கு பரவியபோது இரத்தப் பரிசோதனைக்கு அதிகபட்ச விலையை இந்நாட்டு அரசாங்கம் நிர்ணயித்தது. கொசுவுக்குப் பயந்து செய்ய முடிந்ததைக் குழந்தையின் மூச்சுக்காகச் செய்ய முடியாதா?

தடுப்பதை மறந்து அளப்பதைப் பேசுவதும் ஒரு ஏமாற்றே. ஹிப் என்னும் கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2008இல் இந்நாட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்தது. 1930இல் டில்லெட்டும் பிரான்சிசும் ஆராய்ந்த அதே நியுமோகொக்கசுக்கு எதிரான தடுப்பூசியைப் பாகிஸ்தான் 2012இலும், வங்காளதேசமும் நேபாளமும் 2015இலும் இலவசத் திட்டத்தில் சேர்த்தன. இந்தியா 2017இல் தொடங்கியது. இலங்கையின் தேசியத் திட்டத்திலோ 2023 வரையிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. காசுள்ளவர்களின் குழந்தைகள் தனியாரிடம் அதைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். கிருமியைத் தடுக்கும் ஊசி பணக்காரக் குழந்தைக்கு. கிருமி வந்துவிட்டதா என்று பார்க்கும் ஊசி ஏழைக் குழந்தைக்கு. இந்தப் பங்கீட்டை நாகரிகம் என்று அழைக்க நமக்குத் தமிழ் தெரியாது.

நாம் கேட்பவை

கண்டக்குழி போன்ற ஒவ்வோர் ஊரிலும் வீடு சென்று பார்க்கும் குடும்பநல மாதின் பையில் மூச்செண்ணும் கடிகையும், குழந்தையின் சிறுவிரலுக்குப் பொருந்தும் ஒக்சிமீட்டரும் இருக்க வேண்டும். கற்பிட்டி வைத்தியசாலையில் எந்த இராத்திரியிலும் ஒட்சிசன் தட்டுப்படக்கூடாது. சி. ஆர். பி. பரிசோதனை, மருந்தைத் தீர்மானிக்கவும் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும், அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இலக்கத்தின் பொருளைத் தமிழிலும் சிங்களத்திலும் தாளிலேயே எழுத வேண்டும். தனியார் நிலையங்களில் அதன் விலைக்குச் சட்டம் எல்லை கட்ட வேண்டும். ஆபத்து அறிகுறியுள்ள குழந்தையை எந்த இரத்தப் பரிசோதனைக்காகவும் ஒரு நிமிடமேனும் நிறுத்தி வைக்கக்கூடாது என்பது எழுத்து விதியாக வேண்டும். நியுமோகொக்கஸ் தடுப்பூசி ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

இவை அரசாங்கத்திடம் கேட்பவை. ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் கேட்பது வேறு. மூச்செண்ண ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு மூத்த பிள்ளையின் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கக்கூடும். ஐம்பது, நாற்பது என்ற இரண்டு எண்களையும், நெஞ்சு உள்வாங்கினால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பதையும், 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும் என்பதையும் அந்தப் பிள்ளையின் வாயிலாக அந்தத் தாய்க்குச் சொல்லி அனுப்புவது பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கலாம். கல்விக்கு வெளியே இல்லை. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுபோவது என்று மேடையில் பேசுகிறோம். அதன் முதற்படி இவ்வளவுதான்.

இரத்தத்தை அளக்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் எவர் அளக்கிறார், எதற்காக அளக்கிறார், அளந்தபின் ஒட்சிசன் இருக்கிறதா என்று கேட்கும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். இலக்கத்தை வாங்கிய கையில் குழந்தையை இழந்து நிற்கும் தாய்க்கு, அந்த இலக்கம் சரியாகவே இருந்தது என்று எந்த ஆய்வுகூடமும் பதில் சொல்லிவிட முடியாது.